எந்த லைஃப் ஜாக்கெட் என்று யாராவது எழுதுங்களேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படகு கவிழ்ந்த செய்தி எப்போது வந்தாலும் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கும்: ‘படகில் சென்றவர்கள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை என்று தெரிகிறது.’ உங்கள் நாளிதழும் இதற்கு விலக்கில்லை. தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று ஜலகன்யகா என்ற படகு கவிழ்ந்து 45 பேர் போனபோதும் இதே பேச்சு, 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் 22 பேர் மூழ்கியபோதும் இதே பேச்சு, 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேர் இறந்தபோதும் இதே பேச்சுதான். மும்பையில் 2024 டிசம்பர் 18 அன்று எலிஃபண்டா தீவுக்குப் போன படகின் மேல் கடற்படையின் வேகப்படகு மோதியதே, அதிலும் பெரும்பாலான பயணிகள் ஜாக்கெட் இல்லாமல்தான் உட்கார்ந்திருந்தார்கள். 15 உயிர் போன பிறகுதான் கேட்வே ஆஃப் இந்தியாவில் ஏறுகிறவர்களுக்கு ஜாக்கெட் கட்டாயம் என்றார்கள். சரி, போடவில்லை என்பது தெரிந்துவிட்டது. ஏன் போடவில்லை, போடுவதென்றால் எதைப் போடுவது, அளவு எப்படிப் பார்ப்பது? இதைப் பற்றி ஒரு நாளாவது அரைப்பக்கம் எழுதியிருக்கிறீர்களா?

நான் வார இறுதிகளில் முட்டுக்காடு உப்பங்கழியில் கயாக் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகு ஓட்டுகிறவன். கப்பல்காரனும் இல்லை, கடற்படைக்காரனும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் கோவளத்தில் துடுப்புப் பலகை, பிச்சாவரத்தில் துடுப்புப் படகு, காரின் கூரையில் சொந்தக் கயாக் என்று சென்னையில் ஒரு கூட்டமே தண்ணீரில் இறங்க ஆரம்பித்திருக்கிறது, அதில் பாதிப் பேர் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி ‘கயாக் என்ன விலை?’ என்பதுதான். ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்டால் ‘அதான் ஆன்லைனில் 600 ரூபாய்க்குக் கிடைக்குதே’ என்று முடித்துவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்தவரை ஜாக்கெட் போடாததற்குத் திமிர் ஒரு காரணம்தான், நீச்சல் தெரியும் என்கிற தைரியம் இன்னொன்று. பெரிய காரணம் அது உடம்பில் கிடக்க முடியாத பொருளாக இருப்பது. பல படகுத்துறைகளில் நடப்பதைப் பாருங்கள். டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குவியல், முந்தைய கும்பலின் வியர்வை காயாமல் கசகசவென்று இருக்கும், கொக்கியில் ஒரு பல் உடைந்திருக்கும், வார் அறுந்துபோன இடத்தில் நைலான் கயிறு. பத்து வயதுப் பையனுக்கும் அவனுடைய தாத்தாவுக்கும் ஒரே அளவு. அந்த அம்மா புடவை மேல் மாட்டிப் பார்த்துவிட்டு, நாற்றம் தாங்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்வார். இளவட்டங்கள் முன்பக்கம் திறந்துவிட்டு செல்ஃபி எடுக்கும். படகுக்காரர் கரையிலிருந்து நூறு அடி போனதும் கண்டுகொள்ள மாட்டார். இவர்களையெல்லாம் ‘விழிப்புணர்வு இல்லாதவர்கள்’ என்று திட்டுவது சுலபம், அந்த ஜாக்கெட்டை மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் அரை மணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டுத் திட்டலாம்.

அதனால்தான் சொல்கிறேன், சொந்தமாக ஜாக்கெட் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அது கரை திரும்பும்வரை கழற்றத் தோன்றாமல் உடம்பில் இருக்குமா என்பதை. சொகுசுக்காகச் சொல்லவில்லை. படகு கவிழும்போது ஜாக்கெட்டைத் தேடி எடுத்துக் கொக்கி மாட்ட நேரம் இருக்காது, தண்ணீருக்குள் மிதந்துகொண்டு அதைப் போட முயன்று பாருங்கள், நீச்சல் குளத்திலேயே திணறும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஆண்டுதோறும் உல்லாசப் படகு விபத்துகளின் கணக்கை வெளியிடுகிறது. மூழ்கி இறந்தவர்களில் 100க்கு 80 பேருக்கு மேல் ஜாக்கெட் அணியாதவர்கள் என்றுதான் அது வருடா வருடம் சொல்கிறது.

அப்புறம் எவ்வளவு மிதக்கும் என்கிற கணக்கு. சராசரி மனிதருக்குத் தண்ணீருக்கு மேல் தலை நிற்க, உடம்பின் மிதப்போடு கூடுதலாக மூன்றிலிருந்து ஐந்தரை கிலோ தூக்கினால் போதும். கேட்டால் நம்ப மாட்டார்கள். ‘நான் 95 கிலோ சார், எனக்கு இது தாங்குமா?’ என்று கேட்கிறவர்தான் பெரும்பாலும் சுலபமாக மிதப்பார், கொழுப்பு மிதக்கும். ஒல்லியாக, உடற்பயிற்சி செய்து இறுகிப்போன பையன்தான் சட்டென்று கீழே போவான். தரமான ஜாக்கெட்டின் உள்பக்க முத்திரையில் இந்தத் தூக்கும் விசை நியூட்டன் கணக்கில் இருக்கும். பத்து நியூட்டனை ஒரு கிலோ என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஐஎஸ்ஓ 12402 என்கிற சர்வதேசத் தரத்தில் 50, 100, 150, 275 என்று நான்கு படிகள். 50 என்பது நீச்சல் தெரிந்தவருக்கு, கரையும் ஆளும் பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு. கயாக் ஓட்டுகிறவர்கள் போடுவது இதைத்தான், கை வீச இடம் இருக்கும். ஆனால் மயங்கி விழுந்தவரை அது மல்லாக்கத் திருப்பிப் போடாது. நீச்சல் தெரியாதவருக்கும் குழந்தைக்கும் கழுத்துப் பட்டை வைத்த 100 வேண்டும். கரை கண்ணுக்குத் தெரியாத கடலுக்குப் போகிறவர்கள் 150 பார்க்கட்டும். 275 கனமான உடையும் கருவிகளும் சுமக்கிற தொழில்காரர்களுக்கானது, நமக்கு வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘பெரிய கப்பலில் இருக்கிறது, அதனால் நல்லது’ என்று சிலர் சொலாஸ் (கப்பல்களுக்கான சர்வதேச உயிர்ப் பாதுகாப்பு விதி) முத்திரை போட்ட தடித்த ஜாக்கெட்டை வாங்கிவிடுகிறார்கள். அது நம்பகமானதுதான். மயங்கிய ஆளையும் முகம் மேலே வரும்படி திருப்பிப் போடும், விசில், விளக்கு, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது கப்பலைக் கைவிடும் நேரத்தில் மாட்டுவதற்கென்று செய்தது. அதைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டால் தாடை உரசிப் புண்ணாகும், கழற்றி வைக்கத்தான் தோன்றும். துடுப்புப் போடுகிறவருக்குக் கைத்துளை அகலமாக, இடுப்புக்கு மேலேயே முடிகிற, முதுகில் ஃபோம் மேலே மட்டும் இருந்து கீழே வலைத்துணியாக விட்ட மாதிரி வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அந்த வலைத்துணி ஒன்றே பாதி நிம்மதி.

அளவு பார்ப்பதில்தான் ஏமாறுகிறோம். பெரியவர்களுக்கு மார்புச் சுற்றளவு, குழந்தைகளுக்கு எடை. எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று டி ஷர்ட் கணக்கில் வாங்கக் கூடாது. போட்டுக்கொண்டு ஜிப்பை ஏற்றி, வாரை இடுப்பிலிருந்து ஆரம்பித்து மேல்நோக்கி இறுக்கி, தோள் வாரைக் கடைசியாக இழுத்துவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். பக்கத்தில் நிற்பவரை இரண்டு தோளிலும் பிடித்து ஜாக்கெட்டை மேலே இழுக்கச் சொல்லுங்கள். தாடையைத் தாண்டிக் காதுவரை ஏறினால் அது உங்களுடையது இல்லை, வைத்துவிடுங்கள். தண்ணீரில் அது இதைவிட மேலே ஏறும், மூக்கையும் வாயையும் மூடும். நின்றபடி சரியாக இருந்தால் போதாது, தரையில் காலை நீட்டி உட்கார்ந்தும் பாருங்கள், கயாக்கில் அப்படித்தானே உட்காரப் போகிறோம். தொப்பை இருப்பவர்களுக்கு (என்னையும் சேர்த்து) ஜாக்கெட் தொப்பைக்கு மேலே வழுக்கி ஏறும். பக்கவாட்டில் ஒவ்வொரு புறமும் இரண்டு மூன்று வார் உள்ளதாக, நீளம் குறைந்ததாக எடுத்தால் நிற்கும்.

பெண்களுக்கு என்று வெட்டித் தைத்த ஜாக்கெட்டுகள் இருக்கின்றன, மார்பு அழுந்தாமல் வளைவு கொடுத்து. நம் கடைகளில் கேட்டால் ‘யூனிசெக்ஸ் மேடம்’ என்று ஒரே பதில். இன்னொன்று, கால்களுக்கிடையே போகிற வார். ஜாக்கெட் மேலே ஏறாமல் பிடித்து வைப்பதில் இதை மிஞ்சியது இல்லை, ஆனால் புடவையிலும் வேட்டியிலும் அதை எப்படி மாட்டுவது? மாட்ட முடியாது, தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள், அது படகின் ஏதோ ஒரு ஆணியில் சிக்கும். படகில் போகிற நாளில் சுடிதாரோ பேன்ட்டோ போட்டுக்கொண்டு, துப்பட்டாவைப் பைக்குள் வைத்துவிடுவது நல்லது. புடவைதான் என்றால் முந்தானையை ஜாக்கெட்டுக்கு உள்ளே சொருகிவிட வேண்டும், வெளியே பறக்கவிட்டால் தண்ணீரில் கையையும் காலையும் சுற்றும்.

குழந்தை விஷயத்தில் அப்பா அம்மாக்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வளருகிற பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக வாங்குகிற பள்ளிச் சீருடைக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். பெரிய ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சின்னப் பிள்ளை வழுக்கிக் கீழே போய்விடும், ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும். கப்பல் விதிகளிலேயே 15 கிலோவுக்குக் கீழ் ஒரு அளவு, 15 முதல் 43 கிலோவுக்குள் ஒரு அளவு, அதற்கு மேல் பெரியவர் அளவு என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். முத்திரையில் எடை எழுதாத குழந்தை ஜாக்கெட்டை வாங்காதீர்கள். தலைக்குப் பின்னால் கழுத்துப் பட்டையும், அதன் மேல் பிடித்துத் தூக்க ஒரு கைப்பிடியும், கால் வாரும் கட்டாயம். படகில் போவதற்கு முன் ஒரு முறை நீச்சல் குளத்தில் போட்டுப் பழக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மல்லாந்து மிதக்கிற அந்த நிலையே அவர்களைப் பயமுறுத்திக் கை காலை உதற வைக்கும். கையில் மாட்டுகிற காற்றடைத்த வளையம், வாத்துப் பொம்மை ட்யூப் எல்லாம் விளையாட்டுச் சாமான்கள். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா போன 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள், அந்தப் படகில் எல்லோருக்கும் ஜாக்கெட் கொடுக்கப்படவில்லை. பள்ளிச் சுற்றுலாவுக்குக் கையெழுத்துப் போடும் பெற்றோர் படகு இருக்கிறதா, பிள்ளையின் எடைக்கு ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டால் எந்தப் பள்ளியும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி நம்பகம். ஒரு காலத்தில் லைஃப் ஜாக்கெட்டுக்குள் தக்கை வைத்தார்கள், அதன் பின் நம்ம ஊர் மரத்திலும் காய்க்கிற இலவம் பஞ்சை வைத்தார்கள்; அந்தப் பஞ்சின் இழை உள்ளே குழாய் போல வெறுமையாக, வெளியே மெழுகுப் பூச்சோடு இருப்பதால் நன்றாக மிதக்கும், ஆனால் அதை மூடிய உறை கிழிந்து தண்ணீர் புகுந்தால் கதை முடிந்தது. இப்போது வருவது மூடிய கண்ணறைகள் கொண்ட பாலி எத்திலீன் ஃபோம், கிழிந்தாலும் தண்ணீர் குடிக்காது. மலிவு ஜாக்கெட்டில் இந்த ஃபோம் மெல்லியதாக இருக்கும், சில மாதத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும். வெளித்தோற்றத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். கப்பல்களுக்குத் தரச் சான்று கொடுக்கிற இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங்கின் ஒப்புதல் முத்திரையோ, ஐஎஸ்ஓ எண்ணோ உள்பக்கம் தைத்திருக்கிறதா பாருங்கள். தயாரித்த ஆண்டு, அளவு, நியூட்டன் எல்லாம் அதில் இருக்கும். வெறுமனே ‘ஹை குவாலிட்டி’ என்று ஸ்டிக்கர் ஒட்டியதை நம்ப வேண்டாம்.

முத்திரையிலும் சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஜிம்மில் வைத்திருப்பார்களே 5 கிலோ இரும்புத் தட்டு, அதை ஜாக்கெட்டின் அடியில் கயிற்றால் கட்டித் தண்ணீர் நிறைந்த பெரிய டிரம்மில் விடுங்கள். இரும்பு தண்ணீருக்குள் தன் எடையில் எட்டில் ஒரு பங்கை இழக்கும், ஆக ஏறக்குறைய 4.4 கிலோதான் கீழே இழுக்கும். 50 நியூட்டன் என்று எழுதியிருக்கிற பெரியவர் ஜாக்கெட் இதைத் தாங்கி மிதந்தே ஆக வேண்டும். ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். கப்பல் ஜாக்கெட்டுகளுக்கான விதியே 24 மணி நேரம் நன்னீரில் கிடந்த பிறகு மிதப்பு 5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்கிறது. மறுநாள் காலையில் உங்கள் ஜாக்கெட் டிரம்மின் அடியில் உட்கார்ந்திருந்தால் அதன் விலை உங்களுக்குப் புரிந்துவிடும்.

காற்று நிரம்பும் வகையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கழுத்தில் பட்டை போலக் கிடக்கும், கீழே ஒரு சின்ன கேஸ் சிலிண்டர், கயிற்றை இழுத்தாலோ தண்ணீரில் விழுந்தாலோ ஊதிக்கொள்ளும். வெயிலுக்கு இதைவிட வசதியானது கிடையாது, பாய்மரப் படகுக்காரர்களுக்கும் மீன் பிடிக்கத் தூண்டில் போடுகிறவர்களுக்கும் பொருந்தும். ஆனால் நம்மில் எத்தனை பேர் கேஸ் அடுப்பு ட்யூபையே தேதி பார்த்து மாற்றுகிறோம்? இதில் சிலிண்டர் திருகு தளர்ந்திருக்கிறதா, நனைந்தால் கரைந்து சிலிண்டரைத் திறந்துவிடுகிற உள் மாத்திரையின் தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடலோர ஈரக் காற்றில் அந்த மாத்திரை தானாகவே கரைந்து கார் டிக்கிக்குள் ஊதிக்கொள்வதும் உண்டு. ஒரு முறை ஊதினால் புது சிலிண்டர் வேண்டும், அது நம் கடைகளில் சட்டென்று கிடைக்காது, விமானத்தில் எடுத்துவர விமான நிறுவனத்தின் அனுமதி கேட்க வேண்டும். கயாக், ஜெட் ஸ்கீ, வாழைப்பழப் படகு, ஒகேனக்கல் பரிசல், இப்படி எப்போதும் நனைகிற, மோதுகிற இடங்களுக்கு இது வேண்டவே வேண்டாம். சிறுவர்களுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் அப்படியே. பழைய ஃபோம்தான் எப்போதும் தயார்.

நிறம் என்று வந்தால் ஆரஞ்சு, மஞ்சள், கண்ணைக் குத்தும் பச்சை. ஃபோட்டோவில் ஸ்டைலாக இருக்கும் என்று கறுப்பும் கடல் நீலமும் வாங்குகிறார்கள், தண்ணீரில் அவர்களைத் தேடுகிறவன் பாவம். விசில் ஒன்று கட்டிவிடுங்கள், உள்ளே உருண்டை இல்லாத வகை, நனைந்தாலும் ஊதும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேக்கடியிலும் தானூரிலும் கவிழ்ந்தவை இரண்டு தட்டுப் படகுகள். அப்படிப்பட்ட படகின் மூடிய கீழ்த்தட்டில் இருக்கும்போது அது கவிழ்ந்தால், ஜாக்கெட் உங்களை மேலே தூக்கி மூடிய பக்கத்தில் அழுத்தி வைத்துவிடும், முங்கி வெளியே வருவது சிரமம். அதற்காக ஜாக்கெட் வேண்டாம் என்று அர்த்தமில்லை. உட்காரும் இடத்தைத் திறந்த பக்கமாக, வாசலுக்கு அருகில் பார்த்துக்கொள்ளுங்கள், ஆள் அதிகம் ஏற்றினால் இறங்கிவிடுங்கள். ஜாக்கெட் கொடுத்துவிட்டோமே என்று கூடுதலாக இருபது பேரை ஏற்றுகிற படகுக்காரரும் உண்டு.

வாங்கியதைப் பார்த்துக்கொள்வது பெரிய வேலையில்லை. உப்புத் தண்ணீரில் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள், மொட்டை மாடி வெயில் துணியையும் நூலையும் தின்றுவிடும். அதன் மேல் உட்காராதீர்கள், ஃபோம் அமுங்கிவிடும். வெளுத்துப்போன துணியை நகத்தால் கீறும்போது இழை பிரிந்தால் தூக்கிப்போட வேண்டிய காலம் வந்துவிட்டது. தூக்கிப்போடும்போது வாரை வெட்டிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் அது இன்னொரு படகுத்துறைக் குவியலுக்குப் போய்ச் சேரும்.

படகுத்துறை நடத்துகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: மூன்று அளவாவது தனித்தனிக் கம்பியில் தொங்கவிடுங்கள், காய விடுங்கள், உடைந்த கொக்கியை அன்றே மாற்றுங்கள். கவுன்டரில் ஒரு எடை மெஷின் வைக்க எவ்வளவு ஆகிவிடும்?

உங்களிடம் கேட்பது இரண்டு. கோடை விடுமுறை வந்தால் ஊட்டி, கொடைக்கானல் ஏரியில் படகுச் சவாரி என்று முதல் பக்கத்தில் வண்ணப்படம் போடுவீர்கள், அதில் ஜாக்கெட்டைத் திறந்துபோட்டுச் சிரிக்கிற படத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், கொக்கி மாட்டிய படம் கிடைக்கும். இரண்டாவது, சுற்றுலா இணைப்பில் அரைப்பக்கம். நிருபரை அனுப்புவதாக இருந்தால் என்னிடம் கிழிந்த, அமுங்கிய, பல விலையில் வாங்கிய பழைய ஜாக்கெட்டுகள் இருக்கின்றன, வெட்டி உள்ளே என்ன வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று காட்டத் தயார். சனிக்கிழமையாக இருந்தால் வசதி, ஞாயிறு காலை தண்ணீரில் இருப்பேன்.

இப்படிக்கு,
வாசகர்,
திருவான்மியூர், சென்னை